முதலில் யாருக்கு ஊற்றுவார்கள்? மதுக்கூடத்தில் சமமற்ற சேவை: ஒரு நெடுங்கால விவாதம்

கையில் காசு இருக்கிறது, கடை திறந்திருக்கிறது, கேட்ட சரக்கும் அலமாரியில் இருக்கிறது. அப்படியிருந்தும் பக்கத்தில் நிற்பவருக்கு உடனே கிடைப்பது தனக்கு மட்டும் ஏன் தாமதமாகக் கிடைக்கிறது? மதுக்கூடங்கள் இருக்கும் ஊர்களிலெல்லாம் இந்தக் கேள்வி எழுந்திருக்கிறது. இதற்கு நீதிமன்றங்கள், பொருளியலாளர்கள், சமூகவியலாளர்கள், மொழியியல் ஆய்வாளர்கள் என்று பலரும் விடை சொல்லியிருக்கிறார்கள். ஒருவர் சொன்னதை மற்றவர் முழுதாக ஏற்றுக்கொண்டதில்லை.

வாசலிலேயே "உனக்கு இடமில்லை" என்று திருப்பி அனுப்புவது ஒரு வகை. சாட்சி உண்டு, வழக்குப் போடலாம். உள்ளே விட்டுவிட்டு நடக்கும் பாகுபாடு இன்னொரு வகை. பின்னால் வந்தவருக்கு முதலில் ஊற்றுவார்கள். கழிவறை ஓரத்து மேசையைக் காட்டுவார்கள். ஒருவரிடம் மட்டும் முன்பணம் கேட்பார்கள். ஒருவருக்குச் சிரிப்போடும் இன்னொருவருக்கு முகம் பாராமலும் கிளாஸை நகர்த்துவார்கள். இதில் எதையும் தனியாக எடுத்து வைத்தால் "இது ஒரு விஷயமா?" என்று கேட்டுவிட முடியும். இக்கட்டுரை பெரும்பாலும் இந்த இரண்டாம் வகையைப் பற்றியது. ஆனால் விவாதம் தொடங்கியது வாசலில்தான்.

விடுதிக்காரரின் கடமையும் அதன் எல்லையும்

இங்கிலாந்தின் பழைய பொதுச் சட்டத்தில் விடுதி நடத்துபவருக்கு ஒரு தனிக் கடமை இருந்தது. பணம் கொடுக்கத் தயாராக வரும் வழிப்போக்கரை, தக்க காரணமின்றித் திருப்பி அனுப்பக் கூடாது. இரவில் வழியில் கொள்ளையருக்குப் பயந்து தங்க இடம் தேடுபவரைக் காக்கும் ஏற்பாடு அது. சமத்துவம் என்ற கருத்து அதற்குப் பின்னால் இல்லை. இந்தக் கடமை தங்கும் விடுதியோடு நின்றுபோனது, குடிக்கும் இடத்துக்கு நீளவில்லை. 1877இல் வந்த ரைமர் வழக்கில், விடுதியோடு ஒட்டியிருந்த மது அருந்தும் கூடம் ‘விடுதி’ ஆகாது என்று முடிவானது. நாயுடன் வந்த வாடிக்கையாளருக்கு ஊற்ற மறுத்ததற்காகக் கீழ்நீதிமன்றம் தண்டித்திருந்த உரிமையாளர் விடுவிக்கப்பட்டார். அதன் பிறகு, மதுக்கடைக்காரர் யாருக்கு வேண்டுமானாலும் ஊற்றலாம், யாருக்கு வேண்டுமானாலும் மறுக்கலாம் என்பதே சட்ட நிலையாக இருந்தது.

விடுதிகளுக்கே இருந்த கடமையும் எவ்வளவு மெலிந்தது என்பதை 1943இல் லண்டனில் நடந்த ஒரு நிகழ்ச்சி காட்டிற்று. மேற்கிந்தியத் தீவுகளின் கிரிக்கெட் வீரர் லியரி கான்ஸ்டன்டைன் ரஸல் சதுக்கத்திலிருந்த இம்பீரியல் ஹோட்டலில் முன்பதிவு செய்து குடும்பத்தோடு போனார். ஓர் இரவுக்கு மேல் தங்க முடியாது என்று சொல்லி, வேறொரு விடுதிக்கு அனுப்பினார்கள். தங்க இடம் கிடைக்காமல் போகவில்லை, ‘இங்கே’ மட்டும் கிடைக்கவில்லை. வழக்கில் அவர் வென்றார், கிடைத்த இழப்பீடு 5 கினி. இன்னொரு இடத்தில் அதே வசதி கிடைக்கிறதே, பிறகென்ன குறை என்ற வாதம் பின்னாளில் பல வடிவங்களில் திரும்பத் திரும்ப வந்தது.

கதவைத் திறந்த சட்டங்கள்

1964இல் பிரிஸ்டல் நகரில் பே ஹார்ஸ் என்ற பப்பில் கறுப்பினச் செயற்பாட்டாளர் பால் ஸ்டீவன்சனை வெளியே போகச் சொன்னபோது அவர் நகரவில்லை. போலீஸ் வந்து கைது செய்தது. நீதிமன்றம் வழக்கைத் தள்ளுபடி செய்தது. மறு ஆண்டு பிரிட்டன் நிறைவேற்றிய இனவுறவுச் சட்டம் பப், உணவகம், திரையரங்கு போன்ற பொது இடங்களில் பாகுபாட்டைத் தடைசெய்தது. வேலையும் வீடும் அந்தச் சட்டத்துக்குள் வர 1968 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. வேலைக்கு முன்பே பப்பைத் தொட்ட சட்டம் என்பது இன்றைக்கு வியப்பாக இருக்கலாம். அவமானம் எல்லார் கண்முன்னாலும் நடந்த இடம் அதுதான் என்பதை வைத்துப் பார்த்தால் அவ்வளவு வியப்பில்லை.

அமெரிக்காவில் கதை இன்னும் சிக்கலானது. 1960 பிப்ரவரி 1 அன்று வட கரோலினாவின் கிரீன்ஸ்பரோவில் நான்கு கறுப்பின மாணவர்கள் உல்வொர்த் கடையில் சில்லறைப் பொருள்கள் வாங்கினார்கள். அந்தக் கவுண்டரில் அவர்கள் காசு செல்லுபடியானது. அதே கடைக்குள் சில அடி தள்ளியிருந்த சாப்பாட்டுக் கவுண்டரில் உட்கார்ந்ததும் செல்லாமல் போனது. 1964ஆம் ஆண்டுக் குடிமை உரிமைகள் சட்டம் உணவகம், தங்கும் விடுதி, திரையரங்கு ஆகியவற்றைப் பெயர் சொல்லிக் குறிப்பிட்டது. மது மட்டும் விற்கும் பாரைப் பெயர் சொல்லவில்லை. பொது இடங்களைப் பற்றிய அந்தப் பகுதியில் பாலினமும் இடம்பெறவில்லை. சாப்பாடு போடும் பார், ஆட்டம் பாட்டம் உள்ள பார் ஆகியவற்றை நீதிமன்றங்கள் பின்னர் விளக்கம் சொல்லி உள்ளே கொண்டுவர வேண்டியதாயிற்று.

அந்தச் சட்டம் எட்டாத இன்னோர் இடத்தில் சிக்கியவர் லீராய் இர்விஸ். பென்சில்வேனியா மாநிலச் சட்டமன்ற உறுப்பினரான அவர், ஹாரிஸ்பர்க் நகரத் தனியார் சங்கம் ஒன்றுக்கு விருந்தினராகப் போனபோது, கறுப்பினத்தவர் என்பதால் பரிமாற மறுத்தார்கள். மாநில அரசு மது உரிமம் கொடுத்திருக்கிறது, ஆகவே இது அரசின் செயலுக்குச் சமம் என்று அவர் வாதிட்டார். 1972இல் உச்ச நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. சில ஆண்டுகளில் அவரே அந்த மாநிலச் சட்டமன்றத்தின் அவைத் தலைவரானார் என்பது தீர்ப்பை மாற்றிவிடவில்லை.

நியூயார்க்கில் தன்பாலீர்ப்பாளர்கள் இருக்குமிடத்தில் மது விற்றால் உரிமம் போய்விடும் என்ற அச்சம் பார்க்காரர்களுக்கு இருந்தது. 1966 ஏப்ரலில் தன்பாலீர்ப்பாளர் உரிமை அமைப்பான மட்டாஷின் சங்கத்தைச் சேர்ந்தவர்கள் ஜூலியஸ் என்ற பாருக்குப் போய், தாங்கள் யார் என்று சொல்லிவிட்டு மது கேட்டார்கள். பார்டெண்டர் கிளாஸின் வாய்மேல் உள்ளங்கையை வைத்து மூடினார். அந்தக் கணம் புகைப்படமாகப் பதிந்தது. மறுப்பு இவ்வளவு தெளிவாகக் கையில் கிடைப்பது அபூர்வம்.

பெண்களுக்கென ஓர் ஓரம்

உள்ளே விட்டபின் நடக்கும் சமமின்மையைக் கூர்மையாக விவாதத்துக்குக் கொண்டுவந்தவர்கள் பெண்கள். ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்தில் பொது பாரில் பெண்களுக்கு ஊற்றுவது சட்டவிரோதமாக இருந்தது. 1965 மார்ச் 31 அன்று மெர்ல் தார்ன்டனும் ரோசலி பாக்னரும் பிரிஸ்பேனில் ரெகட்டா ஹோட்டல் பாரின் கால்வைக்கும் கம்பியில் தங்களைச் சங்கிலியால் பிணைத்துக்கொண்டார்கள். 1970இல் அந்த விதி நீக்கப்பட்டது. நியூயார்க்கின் மெக்சார்லிஸ் பழைய பீர்க்கடையும் அதே 1970இல்தான் பெண்களுக்குத் திறந்தது. ஆனால் அங்கே பெண்களுக்கென்று கழிவறை வந்தது 1986இல். கதவு திறப்பதும் வரவேற்பதும் ஒன்றில்லை என்பதற்கு இந்தப் பதினாறு ஆண்டுகளை விடத் தெளிவான சான்று தேட வேண்டியதில்லை.

இந்த வரிசையில் அதிகம் யோசிக்க வைப்பது லண்டன் எல் வினோ வழக்கு. பத்திரிகை அலுவலகங்கள் நிறைந்த ஃபிளீட் தெருவிலிருந்த அந்த ஒயின் பாரில் பெண்களுக்குத் தடையில்லை. கவுண்டரில் நின்று வாங்கத்தான் கூடாது. பின்னறை மேசைக்குப் போனால் பணியாளர் மது கொண்டுவந்து கொடுப்பார். விலையும் தரமும் அதேதான், கூடுதலாக உட்கார நாற்காலி. வழக்கறிஞர் டெஸ் கில்லும் பத்திரிகையாளர் அன்னா கூட்டும் வழக்குத் தொடுத்தபோது, இதில் குறைவாக நடத்துவது எங்கே இருக்கிறது என்று கீழ்நீதிமன்றம் கேட்டது. மேல்முறையீட்டு நீதிமன்றம் 1982இல் அதை மாற்றிற்று. செய்தியும் வம்பும் புழங்கும் இடம் கவுண்டர்தான். அங்கே நிற்க முடியாத பெண் பத்திரிகையாளர் தொழிலிலும் பின்தங்குகிறார் என்பது நீதிபதிகளுக்கு விளங்கியது.

கிளாஸில் என்ன இருக்கிறது என்பதை மட்டும் பார்த்தால் எல் வினோவில் பாகுபாடே இல்லை. எங்கே நின்று, யாரோடு, எந்த நேரத்தில் குடிக்கிறார் என்பதையும் சேர்த்துப் பார்த்தால்தான் தெரிகிறது. மரியாதை என்ற பெயரில் தள்ளி வைக்கும் இந்த வழக்கத்துக்கு ஆயுள் அதிகம். இலங்கையில் பெண்கள் மது வாங்கக் கூடாது என்ற பழைய விதியை 2018 ஜனவரியில் நிதியமைச்சர் மங்கள சமரவீர நீக்கினார். சில நாள்களில் ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன அதைத் திரும்பக் கொண்டுவரச் செய்தார். இந்தியாவில் மது பரிமாறும் இடங்களில் பெண்களை வேலைக்கு வைப்பதைத் தடுத்த பஞ்சாப் கலால் சட்ட விதியை உச்ச நீதிமன்றம் 2007இல் அனுஜ் கர்க் வழக்கில் செல்லாது என்றது. பெண்களின் பாதுகாப்புக்காகத்தான் என்ற வாதத்தை அது ஏற்கவில்லை.

வெறுப்பா, கணக்கா?

ஏன் இப்படி நடக்கிறது என்பதற்குப் பொருளியலில் இரண்டு பெரிய விடைகள் உண்டு. கேரி பெக்கர் 1957இல் எழுதிய நூல் பாகுபாட்டை ஒரு வகை விருப்பமாகப் பார்த்தது. குறிப்பிட்டவரோடு பழகாமலிருக்க ஒருவர் தன் லாபத்தில் கொஞ்சம் விட்டுக்கொடுக்கவும் தயாராக இருக்கிறார். கடைக்காரருக்கே வெறுப்பு இருக்க வேண்டியதில்லை, மற்ற வாடிக்கையாளருக்கு இருந்தாலும் போதும். போட்டி வளர வளர, வெறுப்புக்கு விலை கொடுக்கும் கடை பின்தங்கும் என்ற எதிர்பார்ப்பு இதிலிருந்து பிறக்கிறது. அமெரிக்கத் தெற்கின் உணவகங்களில் பல பத்தாண்டு அப்படி நடக்கவில்லை. வாடிக்கையாளரின் வெறுப்பைத் திருப்திப்படுத்துவதே லாபமாக இருக்கும் இடத்தில் சந்தை எதையும் திருத்துவதில்லை. பெக்கரின் கோட்பாட்டுக்குள்ளேயே இதற்கு இடமிருந்தாலும் அவரைப் பின்பற்றியவர்கள் இதை வசதியாகக் கடந்துபோனார்கள்.

எட்மண்ட் ஃபெல்ப்ஸும் கென்னத் ஆரோவும் 1970களின் தொடக்கத்தில் முன்வைத்த இரண்டாவது விடை ‘புள்ளியியல் பாகுபாடு’. எதிரே இருப்பவரைப் பற்றி ஒன்றும் தெரியாதபோது, அவரது கூட்டத்தைப் பற்றிய சராசரி எண்ணத்தை வைத்து முடிவெடுப்பது அது. பாரில் இதற்குத் தீனி போடுவது டிப்ஸ். அமெரிக்காவில் டிப்ஸ் வாங்கும் ஊழியருக்குக் கூட்டாட்சிச் சட்டம் கட்டாயமாக்கும் அடிப்படைக் கூலி மணிக்கு 2.13 டாலர். 1991 முதல் அது உயரவில்லை. மீதி வருமானம் வாடிக்கையாளரின் கையில் இருக்கிறது. யார் அதிகம் வைப்பார் என்று கணக்குப் போடாமல் இருப்பது ஊழியருக்குக் கடினம். வட கரோலினாவில் பிரூஸ்டரும் ரஷேயும் நடத்திய ஆய்வில் உணவக ஊழியர்களில் ஏறக்குறைய ஐந்தில் இரண்டு பேர், வாடிக்கையாளரின் இனம் தாங்கள் தரும் சேவையைச் சில வேளைகளிலாவது பாதிப்பதை ஒப்புக்கொண்டார்கள்.

இந்த விடையின் பலவீனம் அதன் வட்டத்தில் இருக்கிறது. குறைவாக டிப்ஸ் வரும் என்று நினைத்துக் குறைவாகக் கவனித்தால், குறைவான டிப்ஸே வரும். முதல் எண்ணம் ‘சரி’ என்று நிரூபணமாகிவிடும். கணக்கு என்று சொல்லப்படுவது எங்கே முடிகிறது, வெறுப்பு எங்கே தொடங்குகிறது என்று வெளியிலிருந்து பிரிக்க முடிவதில்லை. புள்ளியியல் பாகுபாடு என்ற பெயர் இதற்கு ஒரு மரியாதையைக் கொடுத்துவிட்டது என்றே சொல்லத் தோன்றுகிறது.

மனத்தை விசாரித்து விடை காணலாம் என்பவர்களுக்கு ரிச்சர்ட் லாபியர் 1934இல் வெளியிட்ட ஆய்வு ஒரு பழைய எச்சரிக்கை. அவர் ஒரு சீனத் தம்பதியோடு அமெரிக்கா முழுவதும் பயணம் செய்தார். 250க்கும் மேற்பட்ட விடுதி, உணவகங்களில் ஒன்றே ஒன்றுதான் அவர்களை மறுத்தது. பிறகு கடிதம் எழுதி, சீனர்களை ஏற்பீர்களா என்று கேட்டபோது, பதில் சொன்னவர்களில் 90 விழுக்காட்டுக்கு மேற்பட்டோர் மாட்டோம் என்றார்கள். கூடவே ஒரு வெள்ளைக்காரப் பேராசிரியர் நின்றது விளைவை மாற்றியிருக்கலாம் என்ற விமர்சனம் நியாயமானது. ஆனாலும் சொல்லும் செயலும் ஒத்துப்போக வேண்டியதில்லை என்பது அதோடு நிலைபெற்றது. இன்று அது தலைகீழாகியிருக்கிறது. எல்லாரையும் ஒன்றுபோல நடத்துகிறோம் என்று எழுதி மாட்டாத கடை குறைவு.

கண்ணில் படுவதும் படாததும்

உள்நோக்கமே இல்லாமல் சமமின்மை உருவாகலாம் என்பவர்கள் இன்னொரு முகாம். ஜெர்மனியின் பீலஃபெல்டைச் சேர்ந்த ஆய்வாளர்கள், பார்டெண்டர் வேலை செய்யும் ரோபோவுக்குக் கற்றுக்கொடுப்பதற்காக ஜெர்மனியிலும் பிரிட்டனிலும் உள்ள மதுக்கூடங்களைப் படம்பிடித்து, 2013இல் முடிவுகளை வெளியிட்டார்கள். மது கேட்பவர் என்ன செய்கிறார்? கையை ஆட்டுபவர், நோட்டைக் காட்டுபவர் மிகச் சிலரே. கவுண்டரை ஒட்டி வந்து, அதைப் பார்த்தபடி நின்று, ஊழியரை நோக்குகிறார், அவ்வளவுதான். நண்பரோடு திரும்பிப் பேசிக்கொண்டிருப்பவரை ‘இவருக்கு இப்போது வேண்டாம்’ என்று ஊழியர் படித்துக்கொள்கிறார். காத்திருந்தவர் அவமானமாக உணர்ந்ததில் ஒரு பகுதி இப்படி வெறும் சைகைப் பிழையாக இருக்கலாம்.

இந்த விளக்கம் ஓரளவுக்குத்தான் தாங்கும். உயரம் குறைந்தவரும், சக்கர நாற்காலியில் வருபவரும், முண்டியடிக்கத் தயங்கும் பெண்ணும் அந்தக் ‘கவுண்டரை ஒட்டிய’ இடத்தைப் பிடிப்பதே முதல் தடை. கெய்ட்லின் மையர்ஸ் பாஸ்டன் பகுதிக் காபிக் கடைகளில் நேரத்தை அளந்து 2010இல் வெளியிட்ட ஆய்வில், பெண்கள் ஆண்களைவிடச் சராசரியாக 20 விநாடி கூடுதலாகக் காத்திருந்தார்கள். கேட்ட பானத்தின் வகையைக் கணக்கில் எடுத்த பிறகும் வித்தியாசம் மறையவில்லை. கவுண்டருக்குப் பின்னால் பெண் ஊழியர்கள் குறைந்த இடங்களில் அது கூடியது. காபிக் கடையிலிருந்து பாருக்கு அப்படியே தாவக் கூடாது. ஆனால் இந்த ஆய்வு யாருடைய மனத்தையும் துழாவவில்லை, கடிகாரத்தைப் பார்த்தது. இத்துறைக்கு அதிகம் தேவைப்படுவது இந்த வகை ஆய்வுதான்.

விலைப்பட்டியலில் ஒளிவுமறைவில்லாமல்

சில சமமின்மையை யாரும் மறைப்பதில்லை. பழைய பிரிட்டிஷ் பப்பில் பொது பார் ஒருபுறம், மெத்தை நாற்காலியுள்ள அறை மறுபுறம். ஒரே பீர், அங்கே கொஞ்சம் விலை கூடுதல். வர்க்கம் ஒரு பென்னி வித்தியாசத்தில் பிரிந்து உட்கார்ந்தது. இன்றைய வடிவம் ‘லேடீஸ் நைட்’. ஆண்கள் வர வேண்டுமானால் பெண்கள் இருக்க வேண்டும், ஆகவே பெண்களுக்கு நுழைவு இலவசம் என்பது கடைக்காரர் கணக்கு. இருபுறச் சந்தை பற்றி எழுதும் பொருளியலாளர்கள் இதைப் பாடநூல் எடுத்துக்காட்டாகவே கையாள்கிறார்கள். கலிஃபோர்னியா உச்ச நீதிமன்றம் 1985இல் கோய்ரே வழக்கில் பாலின அடிப்படையிலான தள்ளுபடி சட்டவிரோதம் என்றது. வேறு மாநிலங்கள் சில அனுமதித்தன. சலுகை பெறுபவரே இங்கே சரக்காகவும் ஆகிறார் என்ற பெண்ணிய விமர்சனம், நஷ்டம் ஆணுக்கு என்ற வழக்கைவிட வலுவானதாகப் படுகிறது.

இரட்டைக் குவளைக்கு எதிராக எழுதிய சட்டம்

தமிழ் வாசகருக்கு இந்த விவாதம் புதிதில்லை. பாருக்கு முன்பே இங்கே டீக்கடை இருந்தது, டீக்கடையில் இரட்டைக் குவளை இருந்தது. ஊர்க்காரருக்குக் கண்ணாடி கிளாஸும் பெஞ்சும். சேரியிலிருந்து வந்தவருக்குச் சிரட்டை அல்லது தனி டம்ளர், தரையில் உட்கார்ந்து குடித்து, தானே கழுவி வைக்க வேண்டும். டீ ஒன்றுதான், விலையும் ஒன்றுதான். எல் வினோவின் தர்க்கம் பல மடங்கு கொடூரமாக.

இதற்கு எதிராக 1955இல் வந்த சட்டம், இன்று குடியுரிமைப் பாதுகாப்புச் சட்டம் என்று அழைக்கப்படுவது, உலகின் பல சட்டங்களைவிடக் கூர்மையானது. 4ஆம் பிரிவு கடைக்குள் நுழைவதோடு நிற்காமல், உணவகத்தில் பொதுமக்களுக்காக வைத்திருக்கும் பாத்திரங்களைப் பயன்படுத்துவதையும் உரிமையாக்குகிறது. 6ஆம் பிரிவு, மற்றவர்களுக்குத் தரும் அதே நேரத்தில், அதே இடத்தில், அதே நிபந்தனைகளில் பொருளோ சேவையோ தர மறுப்பதைக் குற்றமாக்குகிறது. தாமதிப்பதும் ஓரமாக நிறுத்துவதும் இதற்குள் வந்துவிடுகின்றன. பாதிக்கப்பட்டவர் பட்டியல் சாதியினராக இருந்தால், தீண்டாமையின் அடிப்படையில்தான் அது நடந்தது என்று நீதிமன்றம் அனுமானிக்க வேண்டும், மறுக்கும் பொறுப்பு எதிர்த்தரப்பினுடையது என்கிறது 12ஆம் பிரிவு. இனப் பாகுபாட்டு வழக்குகளில் நிரூபிக்கும் சுமையை மாற்ற ஐரோப்பிய ஒன்றியம் 2000இல்தான் இன சமத்துவ ஆணை கொண்டுவந்தது.

நடைமுறை வேறு. புகார் கொடுப்பவர் மறுநாளும் அதே ஊரில், பெரும்பாலும் அதே ஆதிக்கச் சாதியாரின் நிலத்தில் வேலை செய்ய வேண்டும். பேப்பர் கப் வந்தபின் எல்லாருக்கும் ஒரே குவளை என்ற தோற்றம் ஏற்பட்டிருக்கிறது. பேப்பர் கப் சிலருக்கு மட்டும், கண்ணாடி கிளாஸ் மற்றவருக்கு என்ற ஊர்களும் உண்டு.

சட்டம் வேகமாக நகர்ந்த தருணமும் இருக்கிறது. 2014 ஜூலையில் வேட்டி கட்டி வந்த உயர் நீதிமன்ற நீதிபதி அரிபரந்தாமனைச் சென்னையில் தமிழ்நாடு கிரிக்கெட் சங்கத்தின் கிளப்பில் உள்ளே விடவில்லை. அடுத்த மாதமே சட்டமன்றம் ஒரு சட்டம் நிறைவேற்றி, வேட்டியைக் காரணம் காட்டி அனுமதி மறுப்பதைத் தண்டனைக்குரியதாக்கியது. அவமானப்பட்டவர் யார் என்பதைப் பொறுத்தே சட்டத்தின் வேகமும் அமைகிறது என்ற சந்தேகத்தை இது போக்கவில்லை.

நிரூபிப்பது எப்படி?

இரவுக் கூடங்களில் ‘இன்று உறுப்பினர்களுக்கு மட்டும்’, ‘இந்த ஷூவுக்கு அனுமதியில்லை’ என்று ஏதாவது ஒரு காரணம் எப்போதும் தயாராக இருக்கும். இதற்குப் பிரான்சிலும் ஸ்வீடனிலும் கையாண்ட வழி சோதனை. தோற்றத்தில் மட்டும் வேறுபடும் இரண்டு குழுக்களை ஒன்றன்பின் ஒன்றாக அனுப்பிப் பார்ப்பது. பிரான்சில் எஸ்ஓஎஸ் ரசிஸ்ம் அமைப்பு டிஸ்கோத்தேக் வாசல்களில் இப்படிச் சேகரித்த சான்றை 2002இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் ஏற்றது. மால்மோ நகரில் சட்ட மாணவர்கள் செய்த சோதனையை ஸ்வீடன் உச்ச நீதிமன்றம் 2008இல் ஏற்று இழப்பீடு வழங்கியது. அயர்லாந்து எதிர்த்திசையில் போனது. நாடோடிச் சமூகத்தினர் பப்களுக்கு எதிராகத் தொடர்ந்து புகார் கொடுத்ததும், மதுக்கடைக்காரர்கள் எதிர்ப்புக் கிளப்பியதும், 2003இல் அந்த வழக்குகள் எளிய சமத்துவத் தீர்ப்பாயத்திலிருந்து மாவட்ட நீதிமன்றத்துக்கு மாற்றப்பட்டன. அங்கே வழக்கு நடத்துவது செலவும் சிரமமும் மிகுந்தது.

சோதனைமுறை வாசலில் நன்றாக வேலை செய்கிறது. உள்ளே, ஒரே இரவில், மங்கிய வெளிச்சத்தில், ஒருவருக்கு எட்டு நிமிடமும் இன்னொருவருக்கு இரண்டு நிமிடமும் ஆனதை அளப்பதற்கு அது இன்னும் பழக்கப்படவில்லை.

தீராதவை

இதுவரை சொல்லப்பட்ட விடைகளில் எதுவும் தனியாகப் போதாது. வெறுப்பு, கணக்கு, கவனக்குறைவு மூன்றும் ஒரே கவுண்டரில் ஒரே இரவில் கலந்தே இருக்கலாம். எவ்வளவு விகிதத்தில் என்பதற்கு நம்பத்தகுந்த பதில் இல்லை. அதனால் ஊழியரின் மனத்தில் என்ன இருந்தது என்பதைத் தேடுவதைவிட, யார் எவ்வளவு நேரம், எங்கே, என்ன நிபந்தனையில் காத்திருந்தார் என்று கேட்பதே பயன்படும் என்று தோன்றுகிறது. 1955ஆம் ஆண்டுச் சட்டத்தின் 6ஆம் பிரிவு அந்தக் கேள்வியைத்தான் கேட்கிறது. டிப்ஸை நம்பிப் பிழைக்கும் ஊழியர் மீது முழுப் பழியையும் போடுவது நியாயமா, லேடீஸ் நைட் எந்தக் கணக்கில் சேரும் என்பவை இன்னும் விவாதத்துக்குரியவை.

இந்தியாவைப் பொறுத்தவரை இடைவெளி எங்கே என்பதில் சந்தேகமில்லை. 6ஆம் பிரிவின் கூர்மை தீண்டாமைக்கு மட்டும் பொருந்தும். அரசமைப்பின் 15(2) கடைக்கும் உணவகத்துக்கும் செல்வதில் மதம், இனம், சாதி, பாலினம், பிறந்த இடம் ஆகியவற்றின் பேரில் தடை கூடாது என்கிறது, மீறினால் என்ன தண்டனை என்று சொல்லவில்லை. திருநர்களுக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் தனிச் சட்டங்கள் இருக்கின்றன. தோலின் நிறத்துக்காகவோ, வடகிழக்கு முகத்துக்காகவோ, தனியாக வந்த பெண் என்பதற்காகவோ பாரில் ஓரங்கட்டப்பட்டவர் நேராகப் போய் முறையிட ஒரு பொதுவான பாகுபாட்டுத் தடைச் சட்டம் இல்லை. அதற்காக சசி தரூர் 2017இல் மக்களவையில் கொண்டுவந்த தனிநபர் மசோதா சட்டமாகவில்லை.